எது வழு, எப்போது சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடம் பைத்தானில் நிரல் எழுதிவிட்டு இப்போது ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கிறேன். ஒரு மொழியில் முடிகிற கணக்கு மற்றதிலும் முடியும் என்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை மொழிகள்? வெறும் இலக்கண வித்தியாசம்தானே? நிரலை எந்திர மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலரோடு மல்லுக்கட்டியே பாதி நாள் போகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ‘வெறும்’தான் இடிக்கிறது. 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் காகிதத்தில் வடித்த எந்திரம் போடும் கணக்கை எல்லாம் இந்த மொழிகளும் போடும், அதற்கு மேல் ஒன்றும் போடாது. அங்கே பேதமில்லை. எதை வழு என்பது, அதை எப்போது சொல்வது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன.

"5" + 3 என்று எழுதுங்கள். மேற்கோளுக்குள் இருப்பது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம்; வெளியே இருப்பது எண். பைத்தான் ஓடிக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றுவிடும். ரஸ்ட் ஓடவே விடாது. ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காமல் 3-ஐயும் ஸ்ட்ரிங் ஆக்கி "53" என்று ஒட்டித் தரும். கையோடு "5" - 3 கேளுங்கள். இம்முறை 5-ஐ எண்ணாக்கி 2 என்னும். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை நம் இலக்கணம் திணை வழுவமைதி என்று ஏற்கிறது. அங்கே பேசுபவன் தெரிந்தே, அன்பினால் வழுவுகிறான். ஜாவாஸ்கிரிப்ட்டில் அமைதி காண்பது மொழி, மாட்டிக்கொள்வது நாம்.

‘நல்’ இதைவிட விஷமம். நினைவகத்தில் தரவு இருக்கும் இடத்தைக் காட்டுவது சுட்டி; எங்கும் சுட்டாத சுட்டிதான் நல், தரவு இருப்பதாக நம்பித் தொட்டால் நிரல் விழும். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகக் கணினி அறிஞர் டோனி ஹோர் அதைச் சேர்த்தார், செய்வது சுலபம் என்பதால். 2009-இல் அவரே அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்றார். ரஸ்ட்டில் ‘இல்லாமலும் போகலாம்’ என்பதை மதிப்பின் வகையான டைப்பிலேயே எழுதியாக வேண்டும். (‘இருக்கிறது என்றே கொண்டு எடு, இல்லாவிட்டால் நின்றுவிடு’ என்னும் ‘அன்ராப்’ போட்டுக் கடந்துவிடலாம். நீங்களும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.)

உங்கள் பாதி நாளைத் தின்பது அநேகமாக உடைமை விதி: ஒவ்வொரு தரவுக்கும் ஒரே உரிமையாளர், அவர் போனால் அதன் நினைவகமும் விடுவிக்கப்படும். ஒரு ஸ்ட்ரிங்கை ஒரு வேரியபிளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டால் பழைய பெயரைத் தொடக்கூடாது. சி மொழியில் நினைவகத்தை விடுவித்த பிறகும் தொடலாம். கம்பைலர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, என்ன ஆகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பைத்தான் இந்தக் கவலையைத் தானே சுமக்கிறது, அதற்கான கூலியை ஓடும்போது வாங்கிக்கொள்கிறது. ரஸ்ட் அதையே எழுதும்போது உங்களிடம் கேட்கிறது.

நானும் முதல் மாதம் கண்ட இடத்திலெல்லாம் தரவை நகலெடுக்கும் ‘குளோன்’ போட்டுத் தப்பித்தவன்தான். அந்த நிரல் இன்றும் அப்படியே ஓடுகிறது, திருத்த மனம் வரவில்லை.