"இரண்டு பவுண்டுதானே" என்கிறார்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். கணவருக்கு வேர்ஹவுஸில் வேலை. பஸ்ஸால் இறங்கி வரும் வழியில் பெட்டிங் ஷாப்புக்குள் (பந்தயம் கட்டும் கடை) போய் சூதாட்ட மெஷின் விளையாடுகிறார். போன மாதம் சீட்டு எடுத்த காசும் போய்விட்டது. கேட்டால், "இப்ப ஒரு தடவைக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் போட முடியாது, பயப்படாதே" என்கிறார். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. கடனை அடைக்க என் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள், தங்கச்சி. மெஷின் நிற்பதற்கு முன் கடனை அடைத்தால், அடுத்த கடனுக்கு நீங்களே இடம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டு பவுண்டு என்று அவர் சொல்வது பொய்யில்லை. முன்பு அந்த மெஷின்களில் 20 விநாடிக்கு ஒரு தடவை 100 பவுண்டு வரை கட்டலாம். 2019 ஏப்ரலில் அரசு அதை 2 பவுண்டாகக் குறைத்தது. ஆனால் அதே மெஷினில் இருக்கும் ஸ்லாட் விளையாட்டில் ஒரு சுற்றுக்கு 2.5 விநாடி போதும். நிமிடத்துக்கு 24 சுற்று, 48 பவுண்டு. இடையிடையே கொஞ்சம் திரும்பி வரும். அதையும் அதற்குள்ளேயே போடத்தான் கை போகும். நீங்கள் அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் ஒரு நாள் சம்பளம் சுழன்றுவிடும். இதை அவருக்குச் சண்டை இல்லாமல் பேப்பரில் எழுதிக் காட்டுங்கள்.

அவரை மட்டும் திட்டவும் எனக்கு மனமில்லை. ஒரு கடைக்கு நான்கு மெஷின்தான் என்பது சட்டம். அதனால்தான் மெஷினில் ருசி கண்ட கம்பெனிகள் நாலு கடை தள்ளி இன்னொரு கடை போட்டன. 2015 வரை, மூடிய வங்கிக் கிளையை கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி கேட்காமலே பெட்டிங் ஷாப் ஆக்க முடிந்தது. உங்கள் நியூஹாம் கவுன்சிலே 2013இல் ஒரு கடைக்கு லைசென்ஸ் மறுத்துப் பார்த்து, கோர்ட்டில் தோற்றது. கவுன்சிலால் முடியாததை, எட்டு மணிநேரம் பெட்டி தூக்கிக் களைத்து வரும் மனிதரின் சத்தியத்திடம் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே இன்னொரு சத்தியம் வேண்டாம். மோசஸ் என்று ஒரு சுயவிலக்குத் திட்டம் இருக்கிறது. போன் செய்து, போட்டோ கொடுத்து, வீட்டுக்கும் வேலைக்கும் பக்கத்திலுள்ள பெட்டிங் ஷாப்களில் தன்னை விளையாட விடவேண்டாம் என்று பதியலாம். குறைந்தது ஒரு வருடம். ஆனால் அவரேதான் பதிய வேண்டும். மனைவி பதிய முடியாது. இரவு பகலாகத் திறந்திருக்கும், மெஷின் மட்டுமே உள்ள ஸ்லாட் கடைகளுக்கு வேறு பதிவு, அதையும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வங்கிக் கார்டில் சூதாட்டத் தடை போடுவது நல்லது, ஆனால் ஏடிஎம்மில் எடுக்கும் நோட்டை அது தடுக்காது. சம்பளம் வந்த அன்றே வாடகையும் பில்லும் உங்கள் கணக்குக்கு வரட்டும். சீட்டுக்காசை உங்கள் கையில் தரும்படி சீட்டுப் பிடிக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் காசு கட்டாமல் விட்டால் சீட்டுப் பிடிக்கிறவருக்கு எப்படியும் தெரியத்தானே போகிறது?

கணவர் எதற்கும் சம்மதிக்காவிட்டால் நீங்களே தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133க்கு எடுங்கள். இலவசம், 24 மணிநேரமும் உண்டு, குடும்பத்தாரோடும் பேசுவார்கள். என்எச்எஸ்ஸில் சூதாட்டப் பழக்கத்துக்கென்றே கிளினிக் இருக்கிறது. ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் இல்லாமலே அவர் போகலாம்.

அப்புறம், கொஞ்ச நாளைக்கு ஒரு பஸ் தரிப்பு முன்னாலேயே இறங்கி, பின் தெருவால் நடந்து வரட்டும். வரும் வழியில் பால் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அதை நீங்களே காலையில் வாங்கி வைத்துவிடுங்கள்.