பனிக்காட்டில் இன்ஃப்ராரெட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஃப்ரீசரில் கிடந்த கோடாக் எக்டாக்ரோம் இன்ஃப்ராரெட் (ஈ.ஐ.ஆர்.) ரோல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பிப்ரவரியில் ஒண்டாரியோவின் அல்கான்குயின் பூங்காவுக்குப் போகிறேன். வெண்பனியில் எடுத்தால் என்ன நிறம் வரும்?

பதில்: இந்த ஃபிலிமில் நிறங்கள் ஒரு படி தள்ளி உட்காரும். அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட், கண்ணுக்குத் தெரியாத ஒளி) சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் விழும். உயிருள்ள இலை அகச்சிவப்பை வாரித் திருப்பியடிப்பதால் சிவக்கிறது. புதுப் பனி மூன்றையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புவதால் வெள்ளையாகவே நிற்கும். உருகி, மறுபடி உறைந்து, கற்கண்டு மாதிரி மணிமணியான பழைய பனி அகச்சிவப்பில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதில் லேசாக நீலப்பச்சை தட்டும். மர நிழல் நல்ல நீலமாக விழும். அங்கே எட்டுவது வானத்து வெளிச்சம் மட்டுமே, அதில் அகச்சிவப்பு குறைவு.

சிவப்புக்கு நீங்கள் நம்ப வேண்டியது வெள்ளைப் பைனையும் ஹெம்லாக்கையும். மேப்பிள் மொட்டையாக நிற்கும், அதில் ஒன்றும் கிடைக்காது. ஊசியிலை மரம்தானே என்று டாமராக்கை நம்பி ஃபிரேமை வீணாக்காதீர்கள். இலையுதிர்காலத்திலேயே அது ஊசிகளைக் கொட்டிவிடும். பைனின் சிவப்பும் கோடை மேப்பிளின் சிவப்பு அல்ல, ரத்தச் சிவப்புக்கும் மெரூனுக்கும் நடுவில் இருக்கும். கிளைமேல் பனி அப்பியிருந்தால் அதுவும் போச்சு. காற்றடித்துக் கிளை உதறிய மறுநாள், வெயிலில் எடுங்கள். மேகமூட்டத்தில் இந்த ரோலைச் செலவழிப்பது பாவம்.

கேள்வி: எக்ஸ்போஷர்?

பதில்: மஞ்சள் ஃபில்டர் (ராட்டன் 12) கட்டாயம். ஃபிலிமில் இந்த மூன்று ஒளிக்கும் ஒவ்வோர் அடுக்கு உண்டு, மூன்று அடுக்குகளும் நீலத்தையும் உணரும். நீலத்தைத் தடுக்காவிட்டால் மேலே சொன்ன கணக்கே குலைந்துவிடும். ஈ-6 என்ற வழக்கமான ஸ்லைடு ஃபிலிம் முறையில் கழுவுவதானால் கைமீட்டரில் (கையில் பிடித்து ஒளியை அளக்கும் கருவி) ஐ.எஸ்.ஓ. 200 வையுங்கள். இதில் ஃபில்டர் விழுங்கும் ஒரு ஸ்டாப் இழப்பும் அடக்கம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). கேமரா மீட்டர் ஃபில்டர் வழியாகவே அளந்தால் அந்த ஒரு ஸ்டாப்பை இரண்டாம் முறை கூட்டிவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

பனியை நேராக அளக்காதீர்கள். மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். மரத்தின் பக்கம் நின்று, மீட்டரின் வெள்ளைக் குமிழைக் கேமரா நோக்கித் திருப்பி, விழும் ஒளியை அளப்பதே சரி. வெயிலில் 1/250, எஃப் 16 அக்கம்பக்கம் வரும். அதிலிருந்து அரை ஸ்டாப் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்லைடு ஃபிலிம், மன்னிக்காது: ஒரு ஸ்டாப் கூடினால் பனி கண்ணாடியாக வெளுத்துவிடும். எஃப் 8க்கோ அதைவிடச் சிறிய துளைக்கோ குறுக்கினால் ஃபோகஸில் அகச்சிவப்புக்கெனத் தனித் திருத்தம் தேவைப்படாது.

கேள்வி: குளிரில் ஃபிலிமுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் அறைச்சூட்டில் விடுங்கள். முன்னதாகத் திறந்தால் ஃபிலிம் மேல் ஈரம் படியும். லோட் செய்வதும் எடுப்பதும் முழு இருட்டறையில்தான். வெளிச்சத்தில் ஃபிலிம் மாற்றப் பயன்படும் கறுப்புப் பைகளில் சில அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். வெளியே வறண்ட குளிரில் ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாகத் தள்ளுங்கள், சடக்கென இழுத்தால் நிலைமின்சாரப் பொறி மின்னல் கொடி போலக் கோடு போடும். பாலியெஸ்டர் அடிப்படலம் என்பதால் ஃபிலிம் கிழியாது, கேமராவின் பல்சக்கரம்தான் உடையும்.

இதைவிடப் பெரிய வம்பு, சில ஆட்டோ கேமராக்கள் ஃபிரேம் எண்ண உள்ளே அகச்சிவப்பு விளக்கு வைத்திருப்பது. ஓரம் புகைந்துவிடும். முழு மெக்கானிக்கல் கேமராவே உத்தமம். லேபிலும் கேளுங்கள்: இயந்திரத்தில் அகச்சிவப்பு சென்சார் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: கழுவி வந்த ஸ்லைடில் பனி நீலப்பச்சையாக இருக்கிறது. ஃபில்டர் கோளாறா?

பதில்: புதுப் பனியும் அப்படியென்றால் ரோல் கிழடு. வயதாகும்போது முதலில் தளர்வது அகச்சிவப்பு அடுக்கு. அது தளர்ந்தால் நீலப்பச்சைச் சாயம் மிஞ்சும், பைனும் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு நகரும். ஈ.ஐ.ஆரை கோடாக் 2007இல் நிறுத்திவிட்டதால் இனி கிடைப்பது எல்லாமே பழசு, ஃப்ரீசரில் (−18 டிகிரி செல்சியஸ்) இருந்ததா என்பதே கேள்வி. பனி மஞ்சளாக இருந்தால்தான் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டும்: ஆரஞ்சு மாட்டியிருப்பீர்கள்.

கேள்வி: நிறங்களை மாற்றிக் காட்டும் லோமோக்ரோம் பர்ப்பிள் ஃபிலிம் இதற்கு மாற்றா?

பதில்: இல்லை. அது அகச்சிவப்பை உணராது. பச்சையை ஊதாவாக்கும், அவ்வளவுதான். நிறத்துக்காக மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.