கீசருக்குள் ஒரு சுண்ணாம்புக் காளவாய்

கீசர் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. போட்ட கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்துவிடுகிறது, தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. உள்ளே பொரி பொரிகிற மாதிரி சத்தம் வேறு. வேறு கம்பெனிக்கு மாறலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

கம்பெனியை விடுங்கள். போர் தண்ணீரா, மேட்டூர் தண்ணீரா என்பதுதான் என் முதல் கேள்வி. போர் என்றால் விடை பாதி கிடைத்துவிட்டது. சோறு வடிக்கத் தண்ணீர் காயவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் கீசரின் காயிலிலும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மாக்னீசியமும் சூடு பட்டதும் கல்லாகி ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். காயிலுக்குப் பக்கத்திலேயே, தண்ணீரின் சூட்டை அளந்து கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கல் அடைத்துக்கொண்டால், காயிலின் சூட்டையே தண்ணீரின் சூடு என்று நினைத்து தெர்மோஸ்டாட் கட் செய்துவிடும்.

மெக்கானிக்கை வைத்துக் காயிலைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகும், அதைவிடச் சீக்கிரம் தொட்டி ஓட்டையாகும். திறந்த கையோடு ஆனோட் கம்பியையும் பார்த்துவிடுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தானே அரிபட்டுப் போகும் மாக்னீசியக் கம்பி அது. மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரையும் என்பதால், நம் ஊருக்கு வருடம் ஒரு முறை பார்ப்பதுதான் சரி. (சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிறார்களே, அதுவும் மாக்னீசியத்தின் கார்பனேட்தான். ஊருக்கும் இந்த வெள்ளைக்கும் பழைய உறவு.) இனி 55 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். சூடு ஏற ஏறப் படிவும் கூடும்.

சேலம் வீட்டில் இருந்த 15 லிட்டர் கீசரை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். இங்கே சூடாக ரொம்ப நேரம் பிடிக்கிறது. தூக்கி வந்ததில் ஏதாவது பழுதாகியிருக்குமா?
– வாசகர், நாகலூர்

இல்லை, இது வெறும் கணக்கு. 2000 வாட் கீசர் 25 டிகிரி தண்ணீரை 60-க்குக் கொண்டுவர 18 நிமிடம் போதும். மார்கழியில் உங்கள் தொட்டித் தண்ணீர் 13 டிகிரி இருந்தால் 25 நிமிடம் ஆகும். 50 டிகிரிக்கு வைத்தால் 19 நிமிடத்தில் முடிந்துவிடும், குளிக்க அது தாராளம். வெளிச்சுவரில் போகும் வெந்நீர்க் குழாய்க்கு ஃபோம் உறை போட்டுவிடுங்கள்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். குளிர் தாங்காமல் விருந்தினர்கள் ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். பரவாயில்லையா?
– தங்கும் விடுதி நடத்துபவர், ஏற்காடு

இன்றைக்கே அந்தக் கீசரை நிறுத்துங்கள். மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் பிராணவாயு குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும்; வெந்நீர் ஆவியில் அப்படி இருக்கிறது என்றுதான் குளிப்பவர் நினைப்பார். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

கேஸ் கீசர் இருக்க வேண்டிய இடம் வெளிச்சுவர். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். எரியும் சுடர் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளடித்தால் காற்று போதவில்லை, பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். யாராவது கிறங்கிக் கிடந்தால் கேஸை மூடி, கதவைத் திறந்து, ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அறைக்குள் கரி போட்ட குமுட்டி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துதான். மலையில் இந்தப் பழக்கம் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

கீசர் போட்டால் குழாயைத் தொடும்போது லேசாகச் சுரீர் என்கிறது. லேசாகத்தான்.
– வாசகர், சூரமங்கலம்

லேசான ஷாக் என்று ஒன்று இல்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். காயில் வெடித்திருக்கும், வீட்டில் எர்த்தும் சரியில்லை. இரண்டையும் சரிசெய்து, கரண்ட் கசிந்தால் உடனே கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டிய பிறகு குளியுங்கள்.

மொட்டை மாடி சோலாரில் வெந்நீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது.
– வாசகி, கொண்டலாம்பட்டி

முதலில் காற்று வெளியேறும் ஏர் வென்ட் குழாயைப் பாருங்கள். குளவி கூடு கட்டி அடைத்திருந்தாலும் காற்று சிக்கிக்கொள்ளும். அடுத்து, குழாய் எங்காவது மேலேறி இறங்குகிறதா? என் வீட்டில் நானே செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. அவசரத்துக்குச் சாதாரண பி.வி.சி. குழாயைப் போட்டேன், ஒரு கோடையில் தூளி மாதிரித் தொங்கிவிட்டது, தொங்கிய இடத்துக்கு மேல் காற்று அடைத்துக்கொண்டது. வெந்நீருக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான். கண்ணாடிக் குழாய் சோலாராக இருந்து, தொட்டி காலியாகிவிட்டால் உச்சி வெயிலில் தண்ணீர் விடாதீர்கள், காய்ந்த கண்ணாடி விரிசல் விட்டுவிடும். காலையில் வெயில் ஏறுமுன் நிரப்புங்கள்.

குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு போய்விடும் என்கிறார்களே?
– வாசகர், அம்மாபேட்டை

காந்தம் மாட்டிய வீட்டுக் கீசர்களையும் திறந்திருக்கிறேன். உள்ளே அதே வெள்ளைதான். பணம் செலவழிப்பதாக இருந்தால், கால்சியத்தையும் மாக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் போட்ட சாஃப்ட்னர் வாங்குங்கள், சொன்ன தேதியில் உப்பு போட்டு அந்த ரெசினைக் கழுவுங்கள். குடிக்கிற தண்ணீருக்கு அந்தக் குழாய் வேண்டாம்.

கீசரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் மூடி போட்டுத் தருகிறேன் என்றார்.
– வாசகி, அழகாபுரம்

சூடாகும்போது தண்ணீர் விரியும், நாலு சொட்டு வெளியே வரும். அதற்காகத்தான் அந்த வால்வே இருக்கிறது. நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். மூடி போட்டுவிட்டு, என்றைக்காவது தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்அவுட்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால், கீசர் சுவரில் இருக்காது.