எல்லாவற்றையும் ஆன் செய்தால் போதுமா?

கேள்வி: ஜிபிஎஸ் மட்டும் வைத்தால் என் ரிசீவரில் 8 செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோவையும் சேர்த்தால் 30-ஐத் தாண்டுகிறது. ஆனாலும் திறந்தவெளியில் பிழை அவ்வளவாகக் குறையவில்லையே?

பதில்: திறந்தவெளியில் ஜிபிஎஸ் ஒன்றே வானம் முழுக்கப் பரவிக் கிடைத்துவிடும். கூடுதல் செயற்கைக்கோள்களின் அருமை உயரமான கட்டடங்களுக்கு நடுவில்தான் தெரியும். அங்கே தெருவின் நீளவாக்கில் இருப்பவை மட்டுமே ரிசீவர் கண்ணில் படும். இடம் கணக்கில் வந்துவிடும், ஆனால் தெருவுக்குக் குறுக்குவாக்கில் பிழை பல மடங்கு பெருகும். திரையில் வரும் பிடாப் எண் (செயற்கைக்கோள்கள் வானில் அமைந்த விதம் பிழையை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு) இதைத்தான் காட்டுகிறது. 2-க்குக் கீழே இருந்தால் நல்லது. 6-ஐத் தாண்டினால் அந்த அளவை எடுக்காதீர்கள்.

அயனிமண்டலத் தாமதம் (வளிமண்டலத்தின் மேலடுக்கில் சிக்னல் தாமதமாவது) வேறு சங்கதி. அது எல்லா அமைப்பின் சிக்னலையும் தாக்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் போகாது. 1575.42 மெகாஹெர்ட்ஸில் (எல்1) வரும் தாமதத்தைப் போல 1176.45-இல் (எல்5) சுமார் 1.79 மடங்கு வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கும் ரிசீவர், அந்த வித்தியாசத்தை வைத்தே தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். ஒற்றை அலைவரிசையில் நான்கு அமைப்பா, இரட்டை அலைவரிசையில் இரண்டு அமைப்பா என்றால், இரண்டாவதையே வாங்குங்கள்.

கேள்வி: குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும் என்கிறார்கள். ஜிபிஎஸ் 2, கலிலியோ 2 இருந்தால் போதாதா?

பதில்: பொதுவாகப் போதாது, 5 வேண்டும். இடத்துக்கு மூன்று, ரிசீவர் கடிகாரத்துக்கு ஒன்று என நான்கு தெரியாத எண்கள். ஒவ்வொரு புது அமைப்பும் தன் கடிகார வித்தியாசத்தை ஐந்தாவது, ஆறாவது எனச் சேர்த்துக்கொண்டே போகும். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. பெய்டோ நேரம் ஜிபிஎஸ்ஸைவிட 14 வினாடி பின்னால். குளோனாஸ் பொது நேரத்தோடேயே போகிறது. இந்த முழு வினாடிகளை ரிசீவர் சரிசெய்துவிடும். மிஞ்சும் நானோவினாடிகள்தான் தொல்லை, ஒவ்வொன்றும் 30 செ.மீ. ஆகவே புது அமைப்பிலிருந்து ஒரே ஒரு செயற்கைக்கோள் கிடைத்தால், அதன் அளவு அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதிலேயே செலவாகிவிடும். கலிலியோ தனக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைத் தானே ஒலிபரப்புகிறது. அதைப் பயன்படுத்தும் ரிசீவருக்கு 4 போதும், ஆனால் ரிசீவருக்குள் ஏற்படும் தாமதம் அதில் அடங்காது.

கேள்வி: ஆர்டிகேயில் (ஓரிடத்தில் நிற்கும் 'பேஸ்' ரிசீவர் அனுப்பும் தரவை வைத்து, நகரும் 'ரோவர்' ரிசீவர் தன் இடத்தைச் செ.மீ. துல்லியத்தில் கணக்கிடும் முறை) ரோவர் 30 செயற்கைக்கோள் காட்டுகிறது, கணக்கில் எடுப்பது 12 மட்டும். ஃப்ளோட்டிலேயே (முழுத் துல்லியமான 'ஃபிக்ஸ்' இன்னும் கிடைக்காத நிலை) நிற்கிறது.

பதில்: முதலில் பேஸ் அனுப்பும் செய்திகளின் எண்களைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு 1077, குளோனாஸுக்கு 1087, கலிலியோவுக்கு 1097, பெய்டோவுக்கு 1127 வர வேண்டும் (அல்லது 1074, 1084, 1094, 1124). பேஸின் இடத்தைச் சொல்லும் 1005 அல்லது 1006-உம் கட்டாயம். 1097 வராவிட்டால், ரோவர் எத்தனை கலிலியோவைப் பிடித்தாலும் ஆர்டிகே கணக்கில் சேராது.

அலைவரிசையும் பொருந்த வேண்டும். பேஸ் வாங்குவது எல்1, எல்2 (ஜிபிஎஸ்ஸின் இன்னொரு அலைவரிசை). ரோவர் எல்1, எல்5 என்றால் ஜிபிஎஸ்ஸில் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எல்1 மட்டுமே. ஃபிக்ஸ் தாமதமாவதற்குப் பலர் கவனிக்காத காரணம் இது.

பேஸும் ரோவரும் வேறு வேறு தயாரிப்பு என்றால் குளோனாஸைச் சந்தேகியுங்கள். அதன் பழைய சிக்னல்கள் செயற்கைக்கோளுக்கு ஓர் அலைவரிசை என வருவதால், ரிசீவருக்கு ரிசீவர் பிழை மாறும். அதைச் சரிக்கட்ட 1230 செய்தி வேண்டும். அது வரவில்லையென்றால் குளோனாஸை அணைத்துவிட்டு, அடிவானத்தை ஒட்டி வரும் சிக்னல்களைத் தவிர்க்க உயரக்கோண வரம்பை 15 பாகையில் வைத்து மறுபடி பாருங்கள்.