பழைய நெட்வொர்க் ஸ்கேனரும் லினக்ஸும்: கேள்வி பதில்

மாடல் எண், டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) பெயர், ஸ்கேனரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்). இந்த மூன்றையும் எழுதிக் கேட்டவர்களுக்கு நீளமான பதில் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கேனான் பிக்ஸ்மா எம்பி640 வைத்திருக்கிறேன், உபுண்டு. வைஃபையில் பிரின்ட் நன்றாக வருகிறது. ஸ்கேன் செய்யப் போனால் ஸ்கேனரே இல்லை என்கிறது. எப்படி சார்?

பிரின்ட் வருவதை வைத்து ஸ்கேனும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரின்ட் போவது கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வழியாக. ஸ்கேன் வருவது சேன் என்ற ஸ்கேன் மென்பொருள் வழியாக. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியவே தெரியாது. சேனில் ஒவ்வொரு ஸ்கேனர் குடும்பத்துக்கும் தனித்தனி பேக்கெண்ட், அதாவது டிரைவர், உண்டு. உங்களுடையதற்குப் பிக்ஸ்மா பேக்கெண்ட். அது நெட்வொர்க்கில் பிஜேஎன்பி என்ற கேனானின் சொந்த புரோட்டோகாலில், யுடிபி 8612 போர்ட்டில் (நெட்வொர்க் பேச்சுக்கான வாசல் எண்) பேசும்.

தானாகத் தேடும்போது உங்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுக்க "யாராவது இருக்கிறீர்களா" என்று ஒரு பிராட்காஸ்ட் விடுகிறது. ஸ்கேனர் பதில் சொல்லத்தான் செய்கிறது. அந்தப் பதில் எந்தக் கேள்விக்கானது என்று புரியாமல், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் காவலாளியான ஃபயர்வால் தூக்கி எறிந்துவிடுகிறது. அதனால் தேடவே விடாதீர்கள், முகவரியைக் கையில் கொடுத்துவிடுங்கள். எட்சி ஃபோல்டருக்குள் சேன்.டி என்ற ஃபோல்டரில் பிக்ஸ்மாவின் கான்ஃபிக் ஃபைல் (அமைப்புகளை எழுதும் ஃபைல்) இருக்கும். அதில் சின்ன எழுத்தில் பிஜேஎன்பி, ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ், ஒட்டியபடியே ஸ்கேனரின் ஐபி என்று ஒரே வரி. சேமித்துவிட்டு டெர்மினலில் ஸ்கேன்இமேஜ் கட்டளையை மைனஸ், பெரிய எல் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், கண்டுபிடித்த ஸ்கேனர்களின் லிஸ்ட் வரும்.

அதற்கு முன்னால் ரவுட்டருக்குள் போய் அந்த ஐபியை ஸ்கேனருக்கென்று ரிசர்வ் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் ஒருநாள் மின்சாரம் போய்வந்ததும் முகவரி மாறும், "நேற்று வரை வேலை செய்தது" என்று மறுபடி இங்கே வருவீர்கள்.

கேள்வி: எப்சன் பழைய ஆல்-இன்-ஒன். இதே பிரச்சினைதான்.

மருந்தும் அதேதான், ஃபைல் மட்டும் வேறு. எப்சன்2 பேக்கெண்டின் கான்ஃபிக் ஃபைலில் நெட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஐபி. டிசிபி 1865 போர்ட் திறந்திருக்க வேண்டும். ஐபி ரிசர்வ் செய்யுங்கள்.

கேள்வி: பிரதர் டிசிபி-7065டிஎன். பிஆர்ஸ்கேன்4 பேக்கேஜ் இன்ஸ்டால் செய்தும் லிஸ்ட்டில் வரவில்லை. ராஸ்பெர்ரி பையிலும் போட்டுப் பார்த்தேன், அங்கே இன்ஸ்டாலே ஆகவில்லை.

இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. கூடவே வரும் பிஆர்சேன்கான்ஃபிக்4 என்ற கட்டளையில் பெயர், மாடல், ஐபி மூன்றையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பெயரில் இடைவெளி விடாதீர்கள். ராஸ்பெர்ரி பையை மறந்துவிடுங்கள். பிரதர் தருவது இன்டெல் வகைப் பிராசசர்களுக்குக் கம்பைல் செய்த பைனரி. பை என்ற அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் இருப்பது ஏஆர்எம் என்ற வேறு வகைப் பிராசசர், அதில் இது ஓடாது.

கேள்வி: பிரின்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லை. உதவுங்கள்.

முதல் பதில்.

கேள்வி: டிரைவர் எதுவும் வேண்டாமல் இப்போதெல்லாம் ஸ்கேன் ஆகிவிடும் என்கிறார்களே அண்ணா. பழைய மெஷினுக்கும் அது நடக்குமா?

ஈஎஸ்சிஎல் என்ற, டிரைவர் வேண்டாத ஸ்கேன் முறை தெரிந்த சில மெஷின்களில் நடக்கும். இரண்டே நிமிடத்தில் சோதித்துவிடலாம். பிரவுசரில் ஸ்கேனரின் ஐபி, ஒரு ஸ்லாஷ், ஈஎஸ்சிஎல், இன்னொரு ஸ்லாஷ், ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸ் என்று அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம்: ஈஎஸ்சிஎல்லில் முதல் எழுத்து மட்டும் சின்னது, ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸில் எஸ்ஸும் சி-யும் பெரியவை. திரையில் எக்ஸ்எம்எல் கொட்டினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சேன்-ஏர்ஸ்கேன் பேக்கேஜைப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கொட்டாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். இதே பேக்கேஜ் டபிள்யூஎஸ்டி என்ற மைக்ரோசாஃப்ட் வழியிலும் பேசும். ஈஎஸ்சிஎல் தெரியாத சில பழைய மெஷின்களுக்கு அது தெரியும்.

கேள்வி: என்னுடையது யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய ஃபிளாட்பெட். அதை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் மாட்டி சேன்டி (ஸ்கேனரை நெட்வொர்க்கில் பகிரும் சேனின் சர்வர்) போட்டேன். லேப்டாப்பில் ஸ்கேனர் பெயர் தெரிகிறது. பிரிவியூ அழுத்தினால் அப்படியே நின்றுவிடுகிறது.

நல்ல கேள்வி, நோயின் அடையாளத்தையும் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெயர் தெரிந்து, பிரிவியூவில் நின்றால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். சேன்டி பேச்சுவார்த்தைக்கு 6566 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. அதைத் திறந்திருக்கிறீர்கள், அதனால் பெயர் வந்துவிட்டது. படத்தை அனுப்பும்போது அது வேறொரு போர்ட்டைத் திறக்கும். எந்த எண் என்று முன்கூட்டித் தெரியாது. சேன்டியின் கான்ஃபிக் ஃபைலில் டேட்டா போர்ட்ரேஞ்ச் என்ற வரி கமென்ட்டில் கிடக்கும். வரியின் முன்னால் உள்ள கமென்ட் குறியை எடுத்துவிட்டு 10000 முதல் 10100 வரை என்று கட்டுப்படுத்துங்கள். அதே எண்களை ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

பெயரே தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் யூசரில் ஸ்கேன் ஆவதை வைத்து சேன்டிக்கும் ஆகும் என்று நம்பாதீர்கள். பல டிஸ்ட்ரோக்களில் அது தனக்கென்று ஒரு யூசரில் ஓடும், அந்த யூசருக்கு யுஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி வேண்டும். சூடோவில் (வேறு யூசராகக் கட்டளை ஓட்டும் வழி) சேன்டி யூசராக ஸ்கேன்இமேஜை ஓட்டிப் பாருங்கள். அங்கே லிஸ்ட்டில் வராவிட்டால் அந்த யூசரை ஸ்கேனர் குரூப்பில் சேர்க்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் எந்தெந்த ஐபிக்கு அனுமதி என்றும் எழுத வேண்டும். லேப்டாப் பக்கம், நெட் பேக்கெண்டின் ஃபைலில் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் ஐபி. அதையும் ரிசர்வ் செய்யுங்கள்.

கேள்வி: எச்பி. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு ஸ்கேன் நின்றுபோகிறது.

எச்பிளிப் என்ற எச்பி டிரைவரின் பதிப்பும் அதன் பிளகின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு எச்பி-பிளகின் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: ஆபீசில் பெரிய பழைய காப்பியர். ஸ்கேன் செய்து நேராக லினக்ஸ் சர்வரின் ஷேர் ஃபோல்டரில் போடும். சர்வரை அப்கிரேடு செய்ததிலிருந்து கனெக்ஷன் எரர்.

காப்பியருக்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை தவிர வேறு தெரியாது போலிருக்கிறது. லினக்ஸில் ஷேர் ஃபோல்டர் தரும் சம்பாவில், 2019-இல் வந்த 4.11 முதல் எஸ்எம்பி1 இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. காப்பியரின் மெனுவில் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை இருக்கும், அதற்கு மாறுங்கள்.

கேள்வி: எதற்கு இந்தச் சுற்று? சம்பாவில் மினிமம் புரோட்டோகாலை என்டி1 (எஸ்எம்பி1-க்கு அங்கே உள்ள பெயர்) ஆக்கினால் ஒரே வரியில் முடிந்தது. எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் பச்சையாகப் போகும், அது மட்டும் பாதுகாப்பா? வான்னாக்ரை ரான்சம்வேர் தாக்கியதும் விண்டோஸை, சம்பாவை அல்ல.

வான்னாக்ரை விஷயம் சரி. 2017-இல் அது நுழைந்த ஓட்டை விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்தது. எஃப்டிபியில் பாஸ்வேர்டு பச்சையாகப் போவதும் உண்மை. என் ஆட்சேபம் வேறு. நீங்கள் சொல்லும் வரி குளோபல். காப்பியரின் ஒரு ஃபோல்டருக்காக எழுதினாலும் சர்வரில் உள்ள கணக்கு வழக்கு, சம்பளப் பட்டியல் என்று எல்லா ஷேருக்கும் பொருந்தும். பல பழைய காப்பியர்களுக்கு அதுவும் போதாது, என்டிஎல்எம்வி1 என்ற பழைய, பலவீனமான ஆதன்டிகேஷனையும் அனுமதிக்கச் சொல்லும். ஒரு மெஷினுக்காக வீட்டுப் பூட்டையே மாற்றுகிறீர்கள்.

எஃப்டிபியில் காப்பியருக்கென்று தனி யூசர், தனி பாஸ்வேர்டு, ஒரே ஃபோல்டர். அந்தப் பாஸ்வேர்டு திருடு போனாலும் திருடனுக்குக் கிடைப்பது ஒரு இன்பாக்ஸ்.

கேள்வி (அவரே மறுபடி): அந்த இன்பாக்ஸில்தான் ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் இருக்குமே! திருடன் அதை எடுத்துப் போனால்?

விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரில் டவுன்லோடை அணைத்துவிடலாம், போட மட்டும் முடியும், எடுக்க முடியாது. வந்த ஃபைல்களை ஒரு கிரான் வேலை (நேரம் குறித்துத் தானாக ஓடும் கட்டளை) அவ்வப்போது வேறு ஃபோல்டருக்கு நகர்த்தட்டும். அந்த யூசரை குரூட்டில் (தன் ஃபோல்டரைத் தாண்ட முடியாத சிறை) அடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மேல் ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் விஎஸ்எஃப்டிபிடி லாகினையே மறுத்துவிடும். காப்பியரோ மொட்டையாக "கனெக்ஷன் எரர்" என்று மட்டும் காட்டும், நீங்கள் பாஸ்வேர்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): இருவரும் வீண் சண்டை. காப்பியரைத் தனி விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் இயக்கலாமே?

விலான் போடுங்கள், நல்லது. அப்போதும் காப்பியர் அந்த சர்வரைத் தொட்டாக வேண்டும், சர்வர் எஸ்எம்பி1 பேசியாக வேண்டும். அந்த ஷேர் மட்டும் உள்ள தனிச் சம்பாவை ஒரு கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓடும் பெட்டி) ஓட்டி, அதில் என்டி1 வைத்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. அவ்வளவு சிரமப்படுகிறவர்கள் எஃப்டிபிக்கே மாறிவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: பிரின்ட் ஆகிறது ஆனால் ஸ்கேன்...

முதல் பதில். முதல் பதில்.

கேள்வி: ஃபயர்வாலை அணைத்தேன், உடனே வேலை செய்தது. இப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அணைத்தது நோயைக் கண்டுபிடிக்க உதவியது, அவ்வளவுதான். மறுபடி போட்டு, உங்கள் மெஷினுக்கான போர்ட்டை மட்டும், உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள்.

கேள்வி: சாம்சங் லேசர் மல்டிஃபங்ஷன்?

ஜெராக்ஸ்_எம்எஃப்பி பேக்கெண்ட். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சாம்சங்கும் அதில்தான். அதன் ஃபைலில் டிசிபி, இடைவெளி, ஐபி. ரிசர்வ் செய்த ஐபி.

கேள்வி: ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்ற எது நல்லது?

என் துறை இல்லை. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ் உண்டு. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு ஓசிஆர் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன எல்லாம் செய்துவிட்டேன், வரவில்லை. ஸ்கேனர் கறுப்பு நிறம், மேலே மூடி இருக்கிறது.

மூடியைத் திறந்தோ, மெஷினைத் திருப்பியோ பாருங்கள், ஒரு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதோடு, லேப்டாப்பிலிருந்து ஸ்கேனரின் ஐபிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறதா என்று எழுதுங்கள். போகவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருக்கும், பெரும்பாலும் ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில்.