சிரிப்பொலி நின்ற இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அடிக்கடி சொல்வதால் 'மேஷ்' தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். கொரியப் போரில், முகாம் போட்டு அறுவை சிகிச்சை செய்யும் அமெரிக்க டாக்டர்களின் கதை. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் யாரோ கொல்லென்று சிரிக்கிறார்கள். சாவு விழுகிற இடத்தில் என்ன சிரிப்பு? டாக்டர்களும் இப்படியா கூத்தடிப்பார்கள்? நான்கு எபிசோடோடு விட்டுவிட்டேன்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

அந்தச் சிரிப்பு எனக்கும் எரிச்சல்தான். அது சி.பி.எஸ். சேனலின் பிடிவாதம். 1972-ல் தொடர் தொடங்கியபோது, நகைச்சுவை என்றால் பதிவு செய்த சிரிப்பொலி இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. பேசிப் பேசி ஒரு சலுகை வாங்கினார்கள்: அறுவை சிகிச்சை அறைக்குள் சிரிப்பொலி வராது.

இனி அதைக் கவனித்துப் பாருங்கள். கதையின் நாயகனான டாக்டர் ஹாக்ஐ உள்ளேயும் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருப்பார். கை ஒருவனின் வயிற்றுக்குள் இருக்கும், வாய் ஓயாது. வெளியே குறும்பாகத் தெரிந்த அதே பேச்சு, கூடச் சிரிக்க ஆளில்லாத அந்த அறையில், இருட்டில் நடப்பவன் பாட்டுப் பாடுவதுபோலக் கேட்கும். (பிரிட்டனில் பி.பி.சி. சிரிப்பில்லாமலே ஒளிபரப்பியது. டிவிடியிலும் அதை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.)

மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு வரைக்குமாவது பொறுத்திருக்கலாம். கதையைச் சொல்லிவிடுகிறேன், ஐம்பது வருஷப் பழசுதானே. முகாமின் தலைவர் ஹென்றி பிளேக் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். ஆட்டம் பாட்டத்தோடு வழியனுப்புகிறார்கள். அப்புறம் ரேடார் என்கிற எழுத்தர் முகமூடிகூடப் போடாமல் அறுவை அறைக்குள் வந்து ஒரு தாளைப் படிக்கிறார். பிளேக் போன விமானம் ஜப்பான் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. டாக்டர்கள் தையலை நிறுத்த முடியாது, மேசையில் ஆள் கிடக்கிறான். எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம் மட்டும். அது படப்பிடிப்பில் தற்செயலாக விழுந்தது, அப்படியே வைத்துக்கொண்டார்கள். திரைக்கதையின் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான நடிகர்களுக்கு முன்கூட்டியே காட்டவும் இல்லை. 1975 மார்ச்சில் அது ஒளிபரப்பானதும் கோபக் கடிதங்கள் குவிந்தன. சிரிக்க வந்தவர்களை அழவைத்துவிட்டார்களே என்று!

டாக்டர்கள் இப்படியா என்று கேட்டீர்கள். அதே போருக்கு இந்தியாவிலிருந்து 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு போயிருந்தது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1950 கடைசியில் சீனப் படை நெருங்க, வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வர அவர்களுக்கு மனசும் இல்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, பெட்டிகளைக் கோத்து, சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்துசேர்ந்தார்கள். இதை 'மேஷ்' தொடரில் வைத்திருந்தால் கதை விடுகிறார்கள் என்று அந்த எபிசோடையும் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள்.