அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளுக்கு என்ன எண்?

வணக்கம். ஒரு பத்தியை மேலே நகர்த்தியதும் மேற்கோள் எண்கள் குழம்பி, இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கையால் எண் போடுவதை முதலில் நிறுத்துங்கள். சொட்டேரோ (Zotero) மேற்கோள்களைக் கையாளும் இலவச மென்பொருள், வேர்டுக்குள்ளேயே இயங்கும். பத்தி எங்கே போனாலும் எண்கள் தானாக மாறிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் 14ஆம் மேற்கோளுக்கு அது போதாது. அது அட்டவணை 1இல் மட்டும் வருகிறது என்கிறீர்கள். மேற்கோள்களுக்கு உரையில் வரும் வரிசைப்படி எண் தரும் வான்கூவர் முறையில், அந்த அட்டவணையை உரையில் முதலில் குறிப்பிடும் இடம்தான் கணக்கு. 5ஆம் மேற்கோளை அடுத்து 'அட்டவணை 1' என்று வந்தால், அது 6 ஆகிவிடும். அட்டவணை கோப்பின் கடைசியில் இருந்தால் மென்பொருளுக்கு இது தெரியாது. கோப்பை ஒரு நகல் எடுத்து, அதில் அட்டவணையை அந்த வரிக்குக் கீழே வைத்து எண்களைப் புதுப்பியுங்கள். எண்கள் மறுபடி மாறாதபடி சொட்டேரோ இணைப்பைத் துண்டித்துவிட்டு, அப்புறம் அட்டவணையைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

மேற்கோள் கட்டுரையை எழுதியவர்கள் ஆறு பேரைத் தாண்டினால் சில இதழ்கள் முதல் ஆறு பெயரும் சில முதல் மூன்று பெயரும் கேட்கும். உங்கள் இதழின் குறிப்பைப் பாருங்கள். இதழ்ப் பெயர்ச் சுருக்கத்தை ஊகிக்க வேண்டாம், மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெடில் உள்ளபடியே எழுதுங்கள்.